றெம்பிரான்ட் ஒளி: ஒரு மேசை விளக்கு போதும்

றெம்பிரான்ட் (1606–1669) பற்றி வினா வந்தால், "ஒளி நிழலைச் சிறப்பாகக் கையாண்டவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று எழுதாமல் புள்ளி எப்படிக் கிடைக்கும்? இன்றிரவு வீட்டில் செய்து பாருங்கள்.

மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுத் தம்பியையோ தங்கையையோ கதிரையில் இருத்துங்கள். மேசை விளக்கை முகத்துக்கு முன்னால், ஏறக்குறைய 45 பாகை பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலே பிடியுங்கள். மூக்கின் நிழல் கன்னத்து நிழலைத் தொடும்வரை மெதுவாக நகர்த்துங்கள். இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய ஒளி முக்கோணம் தெரியும். புகைப்படக் கலைஞர்கள் இதையே "றெம்பிரான்ட் ஒளி" என்பர். விளக்கு இன்னும் பக்கத்துக்குப் போனால் முக்கோணம் மறைந்து, முகம் பாதி இருளாகிவிடும்.

நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால், இடையில் மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடியுங்கள் (மின்குமிழில் முட்டக்கூடாது, தீப்பிடிக்கும்). ஒளி பெரிய பரப்பிலிருந்து வருவதால் ஓரம் மென்மையாகும். நிழற்பக்கம் மிகவும் இருண்டிருந்தால் அங்கே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தாற் போதும். தெறிக்கும் ஒளி இருளைக் குறைக்கும்.

இனி அவர் 1628 அளவில் தீட்டிய தற்சித்திரத்தைப் பாருங்கள். ஒளி ஒரு கன்னத்திலும் கழுத்திலும் மட்டும் விழுகிறது. கண்கள் இரண்டும் நிழலில். விளக்கைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய் அதையும் முயன்று பாருங்கள்.