உங்களுக்குத் தெரியுமா? யவனர் மதுவும் சுட்ட ஆட்டிறைச்சியும்

வைகை கடலோடு சங்கமிக்கும் இடத்தருகே, அழகன்குளத்து அகழாய்வில், மது ஏற்றிவரப் பயன்பட்ட ரோமானிய இருபிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்திருப்பதையும், யவனர் (கிரேக்க, ரோமானியர்) கொணர்ந்த குளிர்ந்த நறுமண மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர அருந்தி மகிழுமாறு புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவதையும் சேர்த்து நோக்கினால், மேனாட்டுத் திராட்சை மது பாண்டிய தேசத்துக்கு எத்துணைப் பழமையான பரிச்சயம் என்பது விளங்கும்.

அம்மதுவோடு உண்ட ஊன் இன்னதென்று அப்பாடல் கூறவில்லை. ஆயினும் பொருநராற்றுப்படையில், சோழன் கரிகாலன் அளித்த விருந்தில் பொருநர், அறுகம்புல் தின்ற செம்மறியின் வெந்த தொடைக்கறியையும் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டங்களையும், சூடு தாளாமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கியே தின்றார்கள். பொற்கலம் நிறைய மதுவும் பலமுறை வார்க்கப்பட்டது.

இன்றும் சுட்ட ஆட்டிறைச்சிக்குப் போர்தோ, ரியோஹா போன்ற செந்நிற ஒயின்களை ஐரோப்பியர் விசேஷமாகத் தேர்வதற்குக் காரணம், திராட்சைத் தோலிலும் விதையிலுமுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், மாமிசத்தின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து கடுமை தணிவதேயாகும். மிளகும் மிளகாயும் மிகுந்த மதுரை மட்டன் சுக்காவுக்கோ, காரம் அத்துவர்ப்பை மேலும் உறைக்கச் செய்யுமாதலால், துவர்ப்புக் குறைந்து சற்றே இனிப்புள்ள ஒயினே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.