படகு ஓடாத ஆறும் ரோமானியக் காசும்

கி.பி. 50-இல் ரைன் ஆற்றங்கரையில் இருந்த கொலோன் ஊரை ரோமானியர் தங்கள் குடியேற்ற நகரமாக உயர்த்தினார்கள். ஆற்றில் சரக்குப் படகுகள் ஓடின, நகரம் பெருத்தது. கிட்டத்தட்ட அதே காலத்துக் காசுகள்தாம் நம் நொய்யல் கரையிலும் கிடைத்திருக்கின்றன. 1842-இல் வெள்ளலூரில் அகப்பட்ட புதையலில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவை ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்தவை. கரூரில் அமராவதி ஆற்று மணலிலேயே ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. இவற்றைப் பார்த்தால், கொங்கு ஆறுகளிலும் அந்நாளில் வணிகப் படகுகள் ஓடியிருக்கும் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் படகு ஓட வழியில்லாத ஆற்றங்கரைகளில் உலகச் சந்தை அமைந்தது என்பதுதான் கொங்கின் தனிச்சிறப்பு.

நிலத்தின் சரிவே இதற்கு முதல் சாட்சி. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. ரோமானியக் கப்பல்கள் வந்த முசிறியோ மலைக்கு அந்தப் பக்கம், மேற்குக் கடலோரம் இருந்தது. அங்கு போக வேண்டிய சரக்கை இந்த ஆறு சுமந்திருக்க முடியாது. ஆறு தந்தது குடிநீர், புல், மேடுபள்ளம் குறைந்த வழி ஆகிய மூன்றும்தான். பொதிமாடுகளுக்கு அவை போதும். கரையோரமாகவே மேற்கே நடந்தால், சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையைக் கடந்துவிடலாம். கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' என்று ஒரு சாலையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்வெட்டு பிற்காலத்தது என்றாலும், பல நூற்றாண்டு கழித்தும் பெருவழி இந்தப் பக்கமாகவே போனதை அது காட்டுகிறது.

புதைத்து வைத்த காசு வணிகத்துக்குச் சாட்சியாகுமா, கொள்ளையாகவோ கப்பமாகவோ வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை, சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் கிடைக்கிறது. 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வில் வெட்டாத கல், செதுக்கிய கல், பாதி துளையிட்ட மணி, மெருகேற்றி முடித்த மணி என்று ஒரு பட்டறையின் எல்லாப் படிகளும் மண்ணிலிருந்து வெளிவந்தன. பச்சைக்கல்லுக்குப் பக்கத்திலேயே படியூர் இருந்தது. நீல வண்ண லாபிஸ் லசூலிக்கோ ஆப்கானிஸ்தான் வரை கை நீள வேண்டும். இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ்பிராமியில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானையோடுகளும் கிடைத்தன. அந்தப் பெயர்களில் பிராகிருதப் பெயர்களும் உண்டு. இத்தனையும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கும்போது கொள்ளை என்ற விளக்கம் நிற்காது. இங்கே செய்த பொருளுக்கு வந்த விலைதான் அந்தக் காசு. இந்தியாவிலிருந்து வரும் பச்சைக்கல்லைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினியும் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார்.

சேரர் தலைநகரான வஞ்சி, கரூரா மேற்குக் கடலோர ஊரா என்ற பழைய வழக்கு இன்னும் ஓயவில்லை. அது எப்படி முடிந்தாலும் கரூரின் வணிகம் குறையப்போவதில்லை. அருகே புகலூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டே கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. இத்தனையும் நமக்குத் தெரிய வந்தது, எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பு பிழைத்ததால்தான். ஆகவே கொங்கு ஆற்றங்கரைகளில் பழங்காசோ மணியோ கண்ணில் பட்டால் வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.