பேசும் பெட்டியும் பேசாத கணக்கும்

அச்சங்குளத்தில் நமக்கு நான்கு மளிகைக் கடைகள் வாடிக்கை. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாம் விருதுநகரிலிருந்து நம் வண்டியில்தான் போகின்றன. 2025ஆம் ஆண்டு புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாலை, அவற்றில் ஒரு கடைக்கு வசூலுக்குப் போயிருந்தோம்.

பட்டாசு வட்டாரத்தில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். தீபாவளிக்கு முந்திய வேலை நெருக்கம் வேறு. ஆலைக்குள் கைப்பேசி கொண்டு போகக் கூடாது. காலையில் அதை வெளியே விட்டுவிட்டுப் போகிறவர்கள், மாலையில் கடை வாசலுக்கு வரும்போது கையில் அதோடுதான் வருகிறார்கள். கல்லாவின் மேல் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்கு நேரே அதை நீட்டுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் சிறு பெட்டி உடனே தொகையைச் சொல்லுகிறது.

கடைக்காரத் தம்பி பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். கலர் உடைத்துக் கொடுத்தார். “வியாபாரம் ரொம்ப மந்தம் அண்ணாச்சி. அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்” என்றார். அவர் வாய் மூடவில்லை. “முந்நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்றது பெட்டி. அடுத்து எண்பத்தைந்து. அடுத்து ஆயிரத்து நூற்றிருபது.

நமக்கு வரவேண்டிய பாக்கி 86,000 ரூபாய். மூன்று சனிக்கிழமை தவறியிருந்தது. கையில் கலரும் காதில் பெட்டியுமாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனக்கணக்கில் 9,200 ரூபாய் சேர்ந்தது. எழுந்திருக்கும்போது, “மந்தம்னு நீங்க சொல்றீங்க, பெட்டி வேற சொல்லுதே தம்பி” என்று கேட்டுவிட்டோம். சாமான் வாங்க நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே விருதுநகரில் நம் கடைக்கு வந்து நின்றார். ஒரு கையில் பற்று நோட்டு, ஒரு கையில் கைப்பேசி. இரண்டையும் மேசை மேல் வைத்து, “நீங்களே கூட்டிப் பாருங்க அண்ணாச்சி” என்றார். கூட்டிப் பார்த்தோம்.

9,200இல் 4,000 ரூபாய் விற்பனையே இல்லை. ஏ.டி.எம். தேடிப் போவதைவிட இவர் கடை பக்கம் என்பதால், தெருக்காரர்கள் இவர் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு, கல்லாவிலிருந்து நோட்டாக வாங்கிப் போகிறார்கள். இவருக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது, முகத்துக்காகச் செய்கிறார். இன்னொரு 1,800 ரூபாய் இவர் வீட்டம்மா பொறுப்பில் இருக்கும் மகளிர் குழுவின் சேமிப்பு. மிச்சம் 3,400. அதிலும் பாதிக்குமேல் ஆடி மாதத்துப் பழைய பற்று. பெட்டிக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. வந்த தொகையை மட்டும் தெருவுக்கே கேட்கச் சொல்லும்.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்றை அவர் பிறகுதான் சொன்னார். ஆனி மாதம் ஒரு செயலி வழியாக ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். ஜாமீன் இல்லை, கையெழுத்து வாங்க யாரும் வரவில்லை. கைப்பேசியிலேயே கேட்டது, இவர் சரி என்று தொட்டார், பணம் வந்துவிட்டது. தவணை நாள் ஒன்றுக்கு 330 ரூபாய். பெட்டி சொல்லும் தொகை இவர் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் முன்னாலேயே 330 ரூபாய் கழிந்துவிடும். சனிக்கிழமை ஆனாலும் கழியும். மழை பெய்து ஆலை ஓடாத புதன்கிழமை ஆனாலும் கழியும். நம் பாக்கி ஏன் நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் கல்லாவுக்கு முன்னால் நமக்கு முன்பே ஒருவர் வரிசையில் நிற்கிறார். அவர் கலர் குடிப்பதில்லை, பெஞ்சில் உட்காருவதும் இல்லை.

“லட்சத்துக்கு இருபதாயிரம்தானே, ரெண்டு வட்டிகூட ஆகலியே” என்பது தம்பியின் கணக்கு. இந்த இடத்தில் நம் வணிகர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாளுக்கு 330 வீதம் 365 நாளில் கட்டுவது 1,20,450. ஆனால் முழு லட்சமும் வருஷம் பூராவும் அவர் கையில் இல்லை. மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் பாதி லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அவர் புழங்கினார். அப்படிக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பக்கம் வருகிறது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் நெறிமுறைப்படி, கடன் கொடுக்கிறவர் முக்கிய விவரத் தாள் ஒன்று தரவேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டி அதில் இருக்கவேண்டும். தம்பியின் கைப்பேசியிலும் அந்தத் தாள் இருந்தது. திறந்து பார்க்கவில்லை.

இந்தக் கடனை இவருக்கு எதை நம்பிக் கொடுத்தார்கள்? பெட்டியை நம்பித்தான். எந்தக் கிழமை எவ்வளவு வரும், எந்த மாதம் ஏறும், எந்த மாதம் படுக்கும் என்பது அதன் வழியாக அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முப்பது வருஷமாகச் சரக்குப் போடும் நமக்கு அவ்வளவு தெரியாது. நாம் ஆளைப் பார்த்து, அவர் அப்பாவைத் தெரியும் என்பதற்காகக் கடனுக்கு மூட்டை இறக்குகிறோம்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அத்தனை பத்திரம். இன்று நம் வரவை நாமே மாத வாடகை கொடுத்து ஊருக்குச் சொல்ல வைத்திருக்கிறோம். பெட்டியைக் குறை சொல்லவில்லை. பணம் அனுப்பியதாகப் பொய்ப் படத்தைக் காட்டிவிட்டுச் சரக்கோடு போனவர்களால்தான் அது கல்லாவுக்கு வந்தது. சில்லறைத் தட்டுப்பாடு, கள்ள நோட்டு என்ற இரண்டு தலைவலியும் குறைந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ.யில், 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் வந்த தொகை எல்லாம் விற்பனை என்று நாம் அன்று பெஞ்சில் உட்கார்ந்து செய்த தப்பை, ஓர் அரசுத் துறையே செய்தால் என்ன ஆகும்? 2025 ஜூலையில் கர்நாடகத்தில் அதுதான் நடந்தது. யு.பி.ஐ. வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். வீட்டார் அனுப்பியது, கைமாற்று வாங்கியது எல்லாம் சேர்ந்த தொகை இது என்று அவர்கள் சொன்னார்கள். பெங்களூரில் பல கடைகள் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. ஜூலை 25இல் கடையடைப்பு என்று அறிவித்தார்கள். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று ஜூலை 23ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையா உறுதி சொன்ன பிறகுதான் அது கைவிடப்பட்டது. சரக்கு விற்பவருக்கு நம் மாநிலத்திலும் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். தெருவுக்கெல்லாம் ஏ.டி.எம். வேலை பார்க்கும் அச்சங்குளத்துத் தம்பி, தன் விற்பனையால் அல்லாமல் தன் நல்ல மனசாலேயே அந்தக் கோட்டை எட்டியதாகக் காகிதத்தில் தெரியலாம்.

அடுத்து, இந்தப் பெட்டியின் பின்னால் இருப்பவர்கள் யார் என்று பார்ப்போம். யு.பி.ஐ. பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள ஏற்பாடு. ஆகவே அந்த நிறுவனங்களுக்கு வருமானம் பெட்டி வாடகை, கடன், விளம்பரம் போன்றவற்றிலிருந்துதான் வரவேண்டும். போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகளிலேயே 2025இல் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. ஒரு செயலி நூற்றுக்கு முப்பதைத் தாண்டக் கூடாது என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2020 நவம்பரிலேயே சொன்னது. அதற்கான கெடு 2022 முடிவு என்றிருந்து, 2024 முடிவுக்குப் போய், 2026 டிசம்பர் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது.

2012 செப்டம்பர் நம் சங்கத்தாருக்கு மறந்திருக்காது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதித்ததை எதிர்த்து 20ஆம் தேதி நாடு முழுவதும் கடையடைப்பு. வால்மார்ட் உள்ளே வந்தால் மளிகைக் கடை போச்சு என்று நாமும் கதவைச் சாத்திவிட்டு ஊர்வலத்தில் நடந்தோம். 2018இல் வால்மார்ட் ஃபிளிப்கார்ட்டை வாங்கியபோது, அதோடு போன்பேயும் சேர்ந்து அதன் கைக்குப் போனது. 2022 டிசம்பரில் இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. இரண்டிலும் பெரும்பங்கு வால்மார்ட்டுடையதுதான். 2020 முதல் ஃபிளிப்கார்ட் மொத்த வியாபாரமும் செய்கிறது. அதாவது நம் தொழில். நம் கடை விவரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்று நம்மிடம் இல்லை. எந்தக் கம்பெனியைத் தடுக்க ஊர்வலம் போனோமோ, அதன் பிள்ளையை நாமே கல்லாவில் உட்கார வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லுகிறோம். நம் கடையிலும் இருக்கிறது. எடுத்துவிடும் உத்தேசமும் இல்லை.

தம்பியும் நாமும் அன்று பேசி முடிவு செய்தவற்றை இங்கே சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி கைப்பேசி எண். குழுப் பணத்துக்கும் வீட்டுப் பணத்துக்கும் வேறு கணக்கு, வேறு அட்டை. யாருக்காவது ரொக்கம் கொடுத்தால் தேதி, தொகை போட்டு நோட்டில் ஒரு வரி. எந்த அட்டையிலும் எந்தச் செயலியிலிருந்தும் பணம் செலுத்தலாம் என்பதால், கல்லாவில் நான்கு அட்டை, மூன்று பெட்டி என்று வாடகை அழவேண்டியதில்லை. காலையில் கடை திறந்ததும் நம் அட்டையை நாமே ஒருதரம் ஸ்கேன் செய்து, நம் பெயர் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில், ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

நம் வாடிக்கையாளர் விஷயமும் இதில் உண்டு. பில் போட செல் நம்பர் கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலாகும். நம்மிடம் மாவு வாங்கும் பெண்ணின் நம்பர் நம் கடைப் பையன் கையில் கிடைக்காமல் இருக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பாக்கிக்கு, சனிக்கிழமைதோறும் 2,000 ரூபாய் என்று தவணை போட்டோம். நாம் வட்டி கேட்கவில்லை. கடையில் நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு என்று மட்டும் சொன்னோம். அவர் அதற்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை. நோட்டை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஐப்பசியில் மறுபடி போனபோது பெட்டி இடம் மாறியிருந்தது. கல்லாவுக்குக் கீழே உப்பு மூட்டைப் பக்கம் வைத்து, சத்தத்தையும் குறைத்திருந்தார். அவர் காதுக்கு மட்டும் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்தோம், கலர் வந்தது. இரண்டாயிரத்தை எண்ணி நம் கையில் வைத்துவிட்டு, “சத்தத்தைக் கூட்டி வைக்கட்டா அண்ணாச்சி?” என்றார். இந்தத் தடவை சிரித்தது அவர்தான்.