ரோட்டரி காரில் டர்போ: சேதமும் சட்டமும் நிவாரணமும்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் டர்போ பொருத்துவது ஒரு பாகத்தைக் கூடுதலாக மாட்டும் வேலையாகவே விற்கப்படுகிறது. உண்மையில் அது என்ஜினுக்குள் செல்லும் காற்று, எரிபொருள், குளிர்விப்பு, கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகிய நான்கையும் ஒருசேர மாற்றியமைக்கும் வேலையாகும். கார் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டதாயின், மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைப்பதாகவே சட்டம் அதைக் கருதுகிறது. என்ஜின் பாழாகுமா, பாழானால் நட்டத்தை யார் ஏற்பது என்ற இரு கேள்விகளுக்கும் விடை, பெரும்பாலும், முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே எழுத்தில் பதிவாகியிருப்பதையும் பதிவாகாமல் விடப்பட்டதையும் பொறுத்தே அமைகிறது.

ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெலின் கருத்தில் உருவான, ஆர்எக்ஸ்-8இலும் உள்ள ரோட்டரி என்ஜினில், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலி ஒன்று, இடை சற்றே குறுகிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுற்றுகிறது. சுழலியின் மூன்று முனைகளிலும் பதிக்கப்பட்ட ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள், கூட்டின் சுவரை உரசியபடியே ஓடி, மூன்று அறைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கின்றன. பிஸ்டன் வளையம் தேய்ந்த என்ஜின் புகை கக்கியபடியாவது சில காலம் ஓடும். ஏபெக்ஸ் சீல் உடைந்தாலோ, அதன் துண்டு சுவரைக் கீறுவதோடு நில்லாமல், புகைபோகும் வழியே சென்று டர்போவின் சக்கரத்தையும் சிதைக்கக்கூடும் என்பதால், ஒரு நொடிப் பிழைக்கு என்ஜினும் டர்போவும் சேர்ந்தே பலியாகலாம்.

அந்தப் பிழையின் பெயர் நாக்கிங். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பதே டர்போவின் பணி. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய காற்றோடு கலந்த பெட்ரோல், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்தால், அந்த அதிர்ச்சியை முதலில் தாங்குவது ஏபெக்ஸ் சீல்தான். காற்று மிகுந்து பெட்ரோல் குறைவதும் இதே விளைவைத் தரும் என்பதால், சாதாரண ஓட்டத்தில் 14.7க்கு 1 என்றிருக்கும் காற்று-பெட்ரோல் எடை விகிதத்தை, டர்போ அழுத்தம் ஏறும்போது ஏறத்தாழ 11க்கு 1 என்ற அளவுக்குச் செறிவாக்குவது வழக்கம். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும், அதாவது அது நாக்கிங்கைத் தாங்கும் அளவும், இங்கே முக்கியமானது. கலிபோர்னியாவின் பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைக்கும் உயர்தரப் பெட்ரோலின் எண் 91. வேறு பல மாநிலங்களில் 93. ஜப்பானில் வேறு அளவுமுறையில் 100 என்று குறிக்கப்படும் பெட்ரோல் கிடைக்கிறது. வேறோரிடத்துப் பெட்ரோலுக்கென எழுதப்பட்ட மென்பொருளை அப்படியே ஏற்றித் தருபவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த என்ஜினின் ஆயுளைப் பணயம் வைக்கிறார்.

ஆர்எக்ஸ்-8 இதில் மேலும் நொய்மையானது. 1991இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இரட்டை டர்போவுக்கென்றே வடிவமைக்கப்பட்டு 9க்கு 1 என்ற அழுத்த விகிதம் கொண்டிருந்தது. டர்போ இல்லாமல் ஓடுவதற்கென அமைக்கப்பட்ட ஆர்எக்ஸ்-8இன் ரெனேசிஸ் என்ஜினிலோ விகிதம் 10க்கு 1. புகை வெளியேறும் துளைகள் பக்கச் சுவர்களில் உள்ளன. நடுத் துளையை இரு சுழலிகளும் பகிர்ந்துகொள்வதால் அங்கே வெப்பம் தேங்குகிறது. இந்த என்ஜினின் வெப்பமும் மாசு வரம்பும் தயாரிப்பாளரையே பின்வாங்க வைத்தன என்பதை இங்கே நினைவுகூரலாம்: 247 குதிரைத் திறன் என்று அமெரிக்காவில் அறிவித்த மாஸ்டா, 2003இல் அதை 238 என்று திருத்தி, காரைத் திருப்பித் தர விரும்பியோரிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. பின்னர் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் என்ஜினுக்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என உத்தரவாதம் நீட்டிக்கப்பட்டது. அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது.

ஆகவே இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர்கள், கூடுதல் திறனுள்ள பெட்ரோல் பம்ப், ஆயில் கூலர், புதிய இக்னிஷன் காயில்கள், வலுவான கிளட்ச் ஆகியவற்றை விருப்பத் தேர்வுகளாக எழுதிக் காட்டும் மதிப்பீடு, டர்போவின் விலையைக் குறைத்துக் காட்டுகிறதேயன்றிச் செலவைக் குறைக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு மேலும் ஒரு படி சென்று, அக்கருவிகளின் செயல்பாட்டைப் பாதிக்கும் பாகங்களை விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் பொருத்துவதையும் தடுக்கிறது. மாநிலக் காற்று வள வாரியம் சோதித்து, நிர்வாக ஆணை எண் என்ற விலக்கை வழங்கிய பாகங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அந்த எண் குறிப்பிட்ட மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியது. வேறு காருக்கு வழங்கப்பட்ட எண்ணைக் காட்டி விற்பது செல்லாது. பெட்டியின் மீது பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டிருப்பது, அந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டுபவருக்கு எவ்விதக் காப்பும் தருவதில்லை. உண்மையில் அந்த வாசகம் விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ள எழுதிக்கொண்டதேயாகும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் புகைப் பரிசோதனையில் என்ஜின் அறையும் கண்ணால் ஆராயப்படுகிறது. 2021 ஜூலை முதல் என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருளும் சரிபார்க்கப்படுகிறது. தயாரிப்பாளரின் மூல மென்பொருளோ வாரியம் ஏற்றுக்கொண்ட மாற்றமோ இல்லையெனில் கார் தேறாது. டர்போ பொருத்திய ரோட்டரி என்ஜின், மாற்றிய மென்பொருள் இல்லாமல் பாதுகாப்பாக ஓடவும் முடியாது என்பதே உரிமையாளரைத் தப்ப வழியின்றி நிறுத்தும் சிக்கல்.

உத்தரவாதம் பற்றிய நம்பிக்கைகளில் இரு தரப்பிலும் மிகை உண்டு. வெளிப்பாகம் பொருத்தப்பட்டது என்ற ஒரே காரணத்தால் உத்தரவாதத்தை ரத்து செய்ய 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்-மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. ஆயினும் அந்தப் பாகமே சேதத்துக்குக் காரணம் என்று நிறுவப்பட்டால் மறுப்பு செல்லும். டர்போவுக்குப் பின் உடைந்த ஏபெக்ஸ் சீல் விஷயத்தில் அதை நிறுவுவது பெரும்பாலும் கடினமாக இருக்காது. காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தை அறிவிக்காமல் விடுவதும் இழப்பீட்டை ஆட்டம் காணச் செய்யும்.

பட்டறையோடு எழும் தகராறில்தான் உரிமையாளரின் கை சற்று ஓங்கியிருக்கிறது. கலிபோர்னியாவில் பழுதுபார்ப்புப் பட்டறை மாநில வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்கு முன் எழுத்து மூல மதிப்பீடு தந்து ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதலின்றி மதிப்பீட்டுக்கு மேல் கட்டணம் கேட்க முடியாது. வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொண்டால், மாற்றிக்கொடுக்கும் வகைப் பாகங்கள் போன்ற விலக்குகள் தவிர, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். உடைந்த சீலும் கீறல் விழுந்த கூடும் பட்டறையின் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டால் சான்றும் உடன் போய்விடுகிறது.

இத்தகைய வழக்குகளில் பட்டறை வழக்கமாக முன்வைக்கும் வாதம், என்ஜின் முன்னரே தளர்ந்திருந்தது என்பதாகும். அதற்கு ஈடுகொடுப்பது, வேலை தொடங்கும் முன் எடுத்த கம்ப்ரஷன் சோதனையின் அச்சுப்படிதான். சாதாரண அளவி உச்ச அளவு ஒன்றையே காட்டும் என்பதால், சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்கும் ரோட்டரிக்கான கருவி தேவை. நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில், ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா வகுத்த கீழ் வரம்பு 680 கிலோபாஸ்கல். அதற்குக் கீழ் காட்டும் என்ஜினுக்கு டர்போ பொருத்த ஒப்புக்கொள்ளும் பட்டறையை அங்கேயே விட்டு விலகுவது நல்லது.

பணியகத்திடம் தரப்படும் புகாருக்குக் கட்டணமில்லை. அது சமரசத்துக்கு முயலும், பட்டறையின் பதிவின் மீது நடவடிக்கையும் எடுக்கலாம். ஆனால் பணத்தைத் திருப்பித் தரும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. பணத்தைப் பெறச் சிறு வழக்கு நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கே தனிநபர் 12,500 டாலர் வரை கோரலாம், இரு தரப்புக்கும் பொதுவாக வழக்கறிஞர் நின்று வாதாடுவதில்லை. ஆணை எண் இல்லாத பாகத்தைத் தெரிந்தே பொருத்தச் சொன்ன உரிமையாளரிடம், சட்டவிரோதமான வேலைக்கான ஒப்பந்தம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடமுண்டு. அச்சுப்படியும் மதிப்பீடும் கையில் இருந்தும் வழக்கு தோற்கக்கூடிய இடம் அதுவே.