பத்துக்குப் பன்னிரண்டு ஹாலும் கைபேசிப் படங்களும்

டோம்பிவிலியில் யாரையாவது “உங்கள் வீட்டு ஹால் என்ன அளவு?” என்று கேட்டுப் பாருங்கள். “பத்துக்குப் பன்னிரண்டு” என்று பதில் வரும். கொஞ்சம் வசதியானவர் பத்துக்குப் பதினைந்து என்பார். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருந்துவிட்டு, சொந்தமாக நாலு சுவர் வேண்டும் என்று சென்ட்ரல் ரயில்வே லைனில் இத்தனை தூரம் வந்தவர்கள் நம்மில் பலர். அந்த நாலு சுவருக்குள் பகலில் விருந்தாளி, மாலையில் குழந்தைகளின் பாடம், ராத்திரி இரண்டு பேருக்குப் படுக்கை, நவராத்திரியில் கொலு, சில வீடுகளில் டிசம்பரில் குடில் என்று எல்லாம் நடந்தாக வேண்டும்.

இப்போது பிள்ளைகளும் மருமகள்களும் கைபேசியில் பின்ட்ரெஸ்ட், இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டி, “இந்த மாதிரி செய்துவிடலாம் அப்பா” என்கிறார்கள். இரண்டும் 2010ல் வந்தவை. பார்த்துச் செய்வதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த நாளில் பக்கத்து வீட்டு ஷோகேஸைப் பார்த்துத்தான் நாமும் ஒன்று செய்தோம். ஆனால் பக்கத்து வீட்டில் போய் உட்கார முடிந்தது, கையால் அளக்க முடிந்தது. படத்தில் அளவு தெரியாது. அங்கேதான் சிக்கல்.

வீட்டு அலங்காரப் படங்களில் பெரும்பாலானவை ஒய்டு ஆங்கிள் லென்ஸில் எடுக்கப்படுபவை. கிட்டத்தில் இருப்பது பெரிதாகவும், எதிர்ச்சுவர் தூரத்திலும் தெரியும். பத்தடி அறை பதினைந்தடி போல் காட்டும். படத்தின் ஓரத்தில் இருக்கும் நாற்காலியோ குஷனோ பக்கவாட்டில் இழுத்தாற்போல் இருந்தால் இந்த லென்ஸ்தான் என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் ஹாலையே கைபேசியில் 0.5 என்ற குறியை அழுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். நம் வீடா இது என்று ஆச்சரியப்படுவீர்கள். போதாக்குறைக்கு, கணினியே வரைந்த அறைகளும் இப்போது கலந்து வருகின்றன. அந்த அறைகளில் யாரும் குடியிருந்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டுப் படங்களில் மின்விசிறி இருக்காது. ஜன்னலுக்குக் கிரில் இருக்காது. செருப்பு, குடை, கொசுவலை, இஸ்திரிப் பலகை, மழைக்காலத்தில் உள்ளே காயும் துணி எதுவும் இருக்காது. இவை எல்லாம் நம் ஹாலில் உண்டு. இவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பதில்தான் அலங்காரம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி. படங்களில் அதிகம் வருவது எல் வடிவ சோபா. ஒரு பக்கம் 8 அடி, மறுபக்கம் 6 அடி, ஆழம் 3 அடி என்றால் அது மட்டும் 33 சதுர அடி. நடுவில் 4க்கு 2 டீப்பாய் 8. டி.வி. யூனிட் 6 அடி நீளம், ஒன்றரை அடி ஆழம், அது 9. ஆக 50 போய்விட்டது. வாசலிலிருந்து சமையலறைக்கும் உள் அறைக்கும் போக இரண்டரை அடி அகலத்தில் வழி விட்டால் இன்னும் 30. மிச்சம் 40 சதுர அடி, அதுவும் ஒரே துண்டாக இல்லை. ஒருவர் படுக்க 6க்கு 3, அதாவது 18 சதுர அடி வேண்டும். ராத்திரி இரண்டு பேர் படுப்பதற்கு டீப்பாயைத் தூக்கித் தலைமாட்டில் வைக்க வேண்டியிருக்கும். ஊரிலிருந்து பாட்டி வந்தால் என்ன செய்வது என்பதைச் சோபா வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

ஆகவே எதையும் வாங்குமுன் பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரியுங்கள். கதவு திறக்கும் வளைவையும் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடமாடிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோரும் சொல்லிவிடுவார்கள். படிக்கட்டையும் அளக்க மறக்கக் கூடாது. லிப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இங்கே நிறைய. எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் படத்தைப் பார்த்து வரவழைத்த ஒரு சோபா இரண்டாம் மாடித் திருப்பத்தில் திரும்ப மறுத்து, அன்று சாயங்காலம் வரை அங்கேயே நின்றது. குடியிருந்தவர்கள் அதில் உட்கார்ந்து டீ குடித்ததாகக் கேள்வி!

படத்தில் பார்த்ததை நேரில் தொட்டுப் பார்க்க விரும்புவோர், 2020 டிசம்பரில் துர்பேயில் திறந்த ஐக்கியா கடைக்குப் போய் வரலாம். தாணேயில் மாறி டிரான்ஸ்ஹார்பர் வண்டி பிடித்தால் துர்பே ஸ்டேஷன். மாதிரி அறைகளை அளந்து வர டேப்பை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ரயில் பெட்டிகளோடு காலம் கழித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சிறிய அறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1955ல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எப். தொழிற்சாலையின் பெட்டி வெளியளவில் ஏறக்குறைய 10 அடி 8 அங்குல அகலம். உள்ளே நம் ஹாலின் அகலம்தான். அதில் ஸ்லீப்பர் வகுப்பில் 72 பேர், ஒரு தடுப்புக்கு 8 பேர் வீதம் படுத்து வருகிறார்கள். எப்படி? பகலில் சாய்ந்துகொள்ளும் பலகை ராத்திரி நடுப் படுக்கை ஆகிறது. சாமான் இருக்கைக்கு அடியில். ஜன்னலோரம் மடக்கு மேஜை. மாட்டக் கொக்கி. நடைவழியில் ஒரு பொருளும் நிற்காது. 1926ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சிறிய சமையலறை வடிவமைத்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற அம்மையார், ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையைப் பார்த்துத்தான் பாடம் கற்றார். அதன் தோற்றத்தை விட்டுவிட்டு, எட்டிய கைக்கு எது கிடைக்கிறது, எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்பதை எடுத்துக்கொண்டார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுவே முன்னோடி.

கைபேசிப் படத்தையும் அப்படிப் பார்த்தால் பலன் உண்டு. ஒரு முப்பது படங்களைச் சேமித்து வைத்து, ஒரு வாரம் கழித்து, ஒவ்வொன்றிலும் பிடித்தது எது என்று கேளுங்கள். வெளிச்சமா, நிறமா, சாமான் குறைவாக இருப்பதா? பெரும்பாலும் சாமான் குறைவாக இருப்பதுதான் பிடித்திருக்கும்; அதற்குச் செலவே இல்லை. வெளிச்சம் என்றால் ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி, சுவருக்கு வெளிர் நிறம். சோபாவுக்குப் பதில் அடியில் பெட்டி வைத்த திவான், சுவரில் மடங்கும் படிப்பு மேஜை. இவை போதும். ஒரு சுவரையாவது காலியாக விடுங்கள். ஐந்து படிக் கொலுவுக்குப் படி ஒன்றுக்கு 9 அங்குலம் வைத்தாலும் நாலடி ஆழம் வேண்டும். சுவரோடு ஆணியடித்த மரச்சாமானை நவராத்திரிக்கு நகர்த்த முடியாது.

நம் ஊர் மழை தனி விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளிச்சுவர் ஈரம் இழுக்கும். அதில் வால்பேப்பர் ஒட்டினால் ஓரம் கிளம்பி, பின்னால் பூஞ்சை பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். ப்ளைவுட் வாங்கும்போது ஈரச்சுவர்ப் பக்கத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள், விலை கூடுதல்தான். தஞ்சாவூர்ப் படம் இருந்தால் உள்சுவரில் மாட்டுங்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் புடைப்பு எழுப்பி, தங்கத்தாள் பதித்த வேலை அது. ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும்.

ஃபால்ஸ் சீலிங் ஆசையும் படங்களால் வந்ததே. கூரை 9 அடி என்றால் அரை அடி அதற்கு, அதன்கீழ் விசிறிக்கு ஓரடி. மிச்சம் ஏழரை அடி. பேரனைத் தூக்கிக் கொஞ்சும் தாத்தா இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்க்கும் படங்கள் நிறைய வருகின்றன. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் ஒரு குடியிருப்புக் கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்களில் கை வைத்ததே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. டோம்பிவிலிக் கட்டடங்களில் பல முப்பது வயதைத் தாண்டியவை. மாதிரி விதிகளின்படி அப்படிப்பட்ட கட்டடத்துக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை உறுதிச் சோதனை செய்ய வேண்டும். உங்கள் சொசைட்டியில் அந்த அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். எந்தச் சுவரானாலும் கட்டட உறுதி பார்க்கும் என்ஜினீயரின் கருத்தும், சொசைட்டியின் எழுத்து மூலமான அனுமதியும் இல்லாமல் உளி வைக்க விடாதீர்கள். மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. சமையலறை வெளிச்சம் ஹாலுக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கமானால், கதவைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு ஒரு மெல்லிய திரை போட்டுப் பாருங்கள். ஒரு கம்பி, இரண்டு மீட்டர் துணி, அரை மணி நேர வேலை.