உங்களுக்குத் தெரியுமா? – ஈரத் தரைக்கு எந்த விரிப்பு?

தீபாவளி நெருங்கினால் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரத்தில் கார்ப்பெட் விற்பனை களைகட்டிவிடும். விருந்தாளி வருவதற்குள் கூடத்தை அழகாக்க வேண்டும் என்ற ஆசை எல்லார்க்கும் உண்டு. நிறமும் பூவும் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டுத் தரையில் எவ்வளவு ஈரம் என்று பாருங்கள். சேர்த்து வைத்த காசும் பிள்ளைகளின் மூச்சும் அதில் அடங்கியிருக்கின்றன.

● கோல சிலாங்கூரின் கடலோரம் களிமண் சமவெளி. உள்ளே ராஜா மூசா காட்டுப் பக்கம் பீட் மண். இரண்டிலும் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். கடல்நீர் உள்ளே வராமல் மண்கரையும் அலைக்கதவுகளும் காக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில் நிலத்துக்கு அடியில் அறை கட்டுவது அரிது. ஆனாலும் கனடா, அமெரிக்க வீடுகளின் பேஸ்மெண்ட் தரைக்கு இருக்கும் ஈரத் தொல்லை, மண்மேல் நேராகப் போட்ட நம் சிமெண்டுத் தரைக்கும் உண்டு.

● கெட்டியாகத் தெரிந்தாலும் கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் இப்போது தரை போடும்போது அடியில் பாலித்தீன் விரிப்பு வைக்கிறார்கள். பழைய லயன் வீட்டில் அது இருக்கும் என்று நம்பிக் கார்ப்பெட் வாங்கிவிடாதீர்கள்.

● ஈரத்தைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்துகள் இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் சிமெண்டு கறுத்திருந்தாலோ தரை ஈரம் விடுகிறது. ஒரே மூலையில் பார்த்து முடிவு கட்டாமல், நடுக்கூடம், குளியலறைச் சுவர் ஓரம், வெளிச்சுவர் ஓரம் என்று பல இடத்தில் செய்யுங்கள். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது.

● தரை ஓரத்திலும் சுவரின் அடியிலும் வெள்ளைத் தூள் படிகிறதா? அது உப்பு. கீழிருந்து ஏறும் நீர் சிமெண்டிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, தான் மட்டும் காற்றில் கலந்துவிட்டு உப்பை விட்டுப்போகிறது. துடைத்த பிறகும் அதே இடத்தில் மீண்டும் பூத்தால் அங்கே கார்ப்பெட் வேண்டாம்.

● புதிய தரை காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. 4 அங்குலத் தரைக்கு 4 மாதம். நம் ஊர் ஈரக் காற்றில் இன்னும் கூடலாம். வீட்டைப் பெரிதாக்கிக் கட்டியவுடன் கார்ப்பெட் விரிக்க அவசரப்படாதீர்கள்.

● தரை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறையில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரவெல்லாம் ஏர்கான் போட்டுவிட்டுக் காலையில் சன்னல்களைத் திறந்தால் நடப்பது இதுதான். கார்ப்பெட் விரித்த தரையில் அந்த நீர் கண்ணில் படாமல் அடியிலேயே தங்கிவிடும்.

● எந்த இழை நல்லது? கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கைக்கு நனைந்ததாகவே தெரியாது. குளிர் நாட்டு மாடி அறைக்கு அது அருமை; நம் தரைமட்டக் கூடத்துக்கு ஆகாது. சாதாரண காற்றில் நைலான் சுமார் 4 விழுக்காடும் பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்குள்ளும் ஈரம் ஏற்கும். பாலிபுரோப்பிலீன் அநேகமாக ஏற்பதே இல்லை. அதன் இழை தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. ஈர வீட்டுக்குப் பொருந்துவது பாலிபுரோப்பிலீன்தான். கார்ப்பெட்டின் முடி குட்டையாக இருந்தால் விரைவில் காயும்.

● பாலிபுரோப்பிலீனுக்கும் குறை உண்டு. கனமான சோபாவின் கால் பதிந்த இடம் எளிதில் நிமிராது. சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும். சாம்பிராணித் தணலோ ஊதுபத்தி நெருப்போ ஒரு துளி விழுந்தால் ஓட்டைதான். சாமி அறை வாசலில் அதை விரிக்காதீர்கள்.

● கடையில் கார்ப்பெட்டின் முகத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வராதீர்கள். திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். பழுப்பு நிறச் சணல் பின்னல் தெரிந்தால், ஈரத்தில் அது மக்கி நாறும். அடியில் போடும் மெத்தையும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கடற்பஞ்சு வகையாக இருக்கக் கூடாது.

● நம்மவர்கள் சீவிய பால்மரத்துக்கும் கார்ப்பெட்டுக்கும் உறவு உண்டு. ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் முறையை 1929இல் டன்லப் நிறுவனத்தார் கண்டார்கள்; கார்ப்பெட் அடிமெத்தைக்கும் ரப்பர் நுரை பயன்பட்டது. இன்று கார்ப்பெட்டின் முதுகில் பூசுவது பெரும்பாலும் செயற்கை லேட்டக்ஸ். ஈரத்தில் நெடுநாள் ஊறினால் அந்தப் பூச்சு விட்டுப்போய் முதுகு தனியே உரிந்துவரும்.

● கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பூப்போட்ட விரிப்பு பெரும்பாலும் பி.வி.சி. மேலே சிந்திய தண்ணீரைத் துடைத்துவிடலாம். கீழிருந்து வரும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. ஓரத்தைத் தூக்கினால் கரும்புள்ளியும் முடை நாற்றமும் இருந்தால் அது பூஞ்சணம். அவ்வப்போது சுருட்டி, தரையைக் காயவிடுங்கள்.

● நம் முன்னோரும் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் ஈரத்தை அறிந்தே விரித்தார்கள். மெங்குவாங் பாய் ஒருவகைத் தாழை மடலில் பின்னுவது. பத்தமடைப் பாய் கோரையில் நெய்வது. பவானி ஜமக்காளம் அடர்ந்த நூல் நெசவு. மூன்றையும் விரித்து, உட்கார்ந்து, எழுந்ததும் சுருட்டி வைக்கலாம். நூல் ஈரம் குடிக்கும் என்றாலும் ஜமக்காளத்தைத் துவைத்து ஒரே வெயிலில் காய வைக்க முடியும்.

● வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்ப்பெட்டை மறந்துவிடுங்கள். ஒருவரே தூக்கி வெளியே போடக்கூடிய அளவுதான் உங்களுக்குச் சரியான அளவு.

● கார்ப்பெட்டுக்குள் வாழும் தூசிச் சிற்றுண்ணி கால் மில்லிமீட்டர் அளவுதான். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சோறு. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அது வாடும். நம் ஊரில் திறந்த வீட்டுக்குள் அந்த வறட்சி வராது. அதன் எச்சம் ஆஸ்துமாவைக் கிளறும். இளைப்பு நோய் உள்ள பிள்ளை தூங்கும் அறையில் கார்ப்பெட்டே வேண்டாம். துவைக்கக்கூடிய சிறு விரிப்பை 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் அலசினால் சிற்றுண்ணி சாகும்.

● 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் புரட்டிய வெள்ளம் கோல சிலாங்கூர் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. சுத்தமான தண்ணீரில் நனைந்த கார்ப்பெட்டை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுக்கக் காய வைத்தால் காப்பாற்றலாம். வெள்ள நீரில் ஊறியதை மனம் இரங்காமல் வெளியேற்றுங்கள். சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்த நீர் அது. எலிக் காய்ச்சல் உயிரைக் குடிக்கும். அகற்றும்போது கையுறையும் பூட்ஸும் கட்டாயம்.

● கார்ப்பெட்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கார்ப்பெட் டைல் நல்ல வழி. 50க்கு 50 சென்டிமீட்டர் துண்டுகளாக வரும். நனைந்த துண்டை மட்டும் எடுத்துக் காய வைக்கலாம். கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். மிச்சத் துண்டுகள் சிலவற்றை எடுத்து வையுங்கள்.

● சுவரோரம் கார்ப்பெட்டை இழுத்துப் பிடிக்க அடிக்கும் ஆணிப்பட்டை ஒட்டுப்பலகைதான். ரப்பர் மரத்தையும் பீட் நிலச் செம்பனையையும் அரிக்கும் கறையான் இனத்தின் உறவுகளே நம் வீட்டு மரச் சட்டத்தையும் தேடி வருகின்றன. ஈரமும் இருட்டும் மரமும் ஓரிடத்தில் கிடைத்தால் கேட்க வேண்டுமா? தரை ஓரம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

● பெஸ்தாரி ஜெயா அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நடப்பட்டது. அந்தத் தோட்டங்களை உருவாக்கிய உழைப்பாளிகளின் குடியிருப்புக்குச் சட்டக் காப்பு உண்டு. தோட்ட நிர்வாகம் தரும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், எண் 446. தரை வெடித்து நீர் கசிந்தால் கார்ப்பெட் போட்டு மூடாதீர்கள். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துப் பழுதுபார்க்கச் சொல்லுங்கள்.

● கனடாவில் ஸ்கார்பரோ, பிராம்டன் பக்கம் பேஸ்மெண்டில் வாடகைக்கு இருக்கும் சொந்தங்களிடமும் தரையின் ஈரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கான்கிரீட்டின் மேல் குமிழ் போட்ட பிளாஸ்டிக் தகட்டை வைத்து, காற்று ஓட இடைவெளி விட்டு, அதன்மேல் பலகை அடித்த பிறகே கார்ப்பெட் போடுவார்கள். கோடையில் ஈரம் நீக்கும் எந்திரமும் ஓட வேண்டும்.

● முடிவாக: பிளாஸ்டிக் தாள் சோதனையில் ஈரம் தெரிந்தால், பீங்கான் டைலும் சுருட்டி எடுக்கும் பாயும் போதும். தரை காய்ந்திருந்து வெள்ள பயமும் இல்லையென்றால், குட்டை முடி பாலிபுரோப்பிலீன் கார்ப்பெட்டைத் தாராளமாக வாங்குங்கள். சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒரு சுருள் டேப்பும் போதும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே செய்துவிட்டால், தரையைச் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.