பாற்காய்ச்சல்: காய்ச்சலே இல்லாத நோய்

மீள்குடியேறிய பின் எங்கள் வீட்டு வருமானமே ஒரு ஜேர்சிக் கலப்புப் பசுதான். மூன்றாம் கன்று ஈன்ற மறுநாள் அது எழும்பவில்லை. காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தது. வாயில் மருந்து பருக்க முனைந்தேன். கால்நடை வைத்தியர் தடுத்தார்; விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கடும்புப்பால் சுரக்கத் தொடங்கியதும் இரத்தத்திலுள்ள கல்சியம் மடிக்குப் போகிறது. எலும்பிலிருந்து உடனே ஈடாகாவிட்டால் தசைகள் தளரும். காம்பின் வாயை மூடும் தசையும் தளர்வதால் மடி அழற்சியும் எளிதில் தொற்றும். பெரும்பாலும் ஈன்று 72 மணித்தியாலத்துக்குள் இது வரும்.

நாளத்தில் கல்சியம் மெதுவாக ஏற்றியதும் பசு எழும்பியது.

ஈனுமுன் கல்சியம் கூடக் கொடுப்பதே காப்பு என நினைத்திருந்தேன். அது பிழை. கடைசி வாரங்களில் குறைத்தால்தான் எலும்பிலிருந்து எடுக்க உடல் பழகும்; ஈன்றபின் கூட்டவேண்டும்.